ஜூலை 10 காலைல பிரேயர்ல என்ன வாசிக்கப் போறீங்க? எங்க ஊரு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துலயும் காலைல பிரேயர்ல "இந்த நாளில்" எழுதிக் குடுக்கிற சார்களுக்கும் மிஸ்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம். மூணு மாவட்டம்னு எழுதறேனே தவிர எனக்கு இன்னும் வடஆற்காடுன்னு தான் வாயில வருது.

நான் காகிதப்பட்டறைல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். போர்வெல் மோட்டார், மாவு மில்லு மோட்டார், எரிஞ்சு போய் வர்றதை எல்லாம் பிரிச்சு காப்பர் ஒயர் சுத்தி வார்னிஷ் போட்டு திருப்பிக் குடுக்கிறது தான் தொழில். பெருசா படிச்சவன் இல்ல, ஐடிஐ வரைக்கும் தான். ஆனா இந்த விஷயம் ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்துது, அதான் எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எம்பொண்ணு எட்டாவது படிக்கிறா. போன வருஷம் ஜூலை 10 அன்னைக்கு பிரேயர்ல "இந்த நாளில்" வாசிக்கறது அவ முறை. ஒரு வாரமா வீட்ல இதே பேச்சு. அவ தாத்தா, அதாவது எங்க நைனா, ஒரு காலத்துல கோட்டை பக்கம் வாடகை சைக்கிள் கடை வச்சினு இருந்தவரு, அவர்கிட்ட போய் உக்காந்து கேட்டு கேட்டு ஒரு முழு பக்கத்துக்கு சிப்பாய் புரட்சி பத்தி எழுதினா. அடிச்சு திருத்தி, சிவப்பு பேனால கோடு போட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு வாசிச்சுப் பாத்தா. காலைல ஸ்கூலுக்கு போனா போன்ல வந்த ஒரு லிஸ்டை எழுதி கைல குடுத்துட்டாங்க, இதை வாசின்னு. அவ நான் எழுதினு வந்திருக்கேன் மிஸ்னு சொல்லிருக்கா, டைம் இல்லம்மா குடுத்ததை வாசின்னுட்டாங்க. அவங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி, எல்லாம் பத்து நிமிஷத்துல முடிஞ்சாகணும், முதல் பீரியடு பெல் அடிச்சிடும், அவங்க கஷ்டம் அவங்களுக்கு.

அவ வாசிச்சது இது. 1509, ஜான் கால்வின் பிறந்த நாள். 1806, வேலூர் சிப்பாய் கலகம். 1856, நிகோலா டெஸ்லா பிறந்த நாள். 1871, மார்செல் ப்ரூஸ்ட் பிறந்த நாள். 1949, சுனில் கவாஸ்கர் பிறந்த நாள். 1962, டெல்ஸ்டார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 1973, பஹாமாஸ் சுதந்திரம். நன்றி, வணக்கம். அவ்ளோ தான், ஒரு நிமிஷம் கூட ஆயிருக்காது. சாயங்காலம் வந்து பையை வச்சிட்டு என்கிட்ட ஒண்ணே ஒண்ணு தான் சொன்னா, "வேலூருன்னு நான் சொன்னப்போ கூட யாரும் நிமிர்ந்து பாக்கலப்பா."

அந்த பிள்ளைங்க நின்ன கிரவுண்டுல இருந்து கோட்டைக்கு நடந்தே போயிடலாம். அதுல பாதி பிள்ளைங்க தெனம் பஸ்ல மக்கான் சிக்னல் தாண்டி, அந்த சிப்பாய் புரட்சி நினைவுத்தூணை தாண்டி தான் ஸ்கூலுக்கு வருது. நம்ம ஊரு நடுவுல நடந்த விஷயம் பஹாமாஸ் மாதிரியே தூரத்துல எங்கயோ நடந்த சமாச்சாரமா காதுல விழுந்து போச்சு பாருங்க, அது தான் எனக்கு தாங்கல.

எங்க நைனா அவளுக்கு சொன்னதையும் அப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேத்து இங்க எழுதறேன். உங்களுக்கு தெரிஞ்சது தான், பாடப்புத்தகத்துலயே இருக்கு. ஆனா பாடத்துல பரீட்சைக்கு படிக்கிறது வேற, அதே தேதில அதே ஊர்ல நின்னு கேக்கறது வேற இல்லையா.

1805 நவம்பர்ல மெட்ராஸ் பட்டாளத்துக்கு ஒரு புது ஆர்டர் வருது. டூட்டில நெத்தில விபூதி நாமம் கூடாது, தாடி எடுக்கணும், மீசையை ஒரே மாதிரி வெட்டணும், கடுக்கன் கூடாது, பழைய தலப்பாவுக்கு பதிலா தொப்பி மாதிரி ஒரு புது தலப்பா, அதுல தோல்ல செஞ்ச ஒரு குஞ்சம். மாட்டுத்தோலா பன்னித்தோலான்னு பேச்சு கெளம்புது, இந்துவுக்கும் ஆகல முஸ்லிமுக்கும் ஆகல. அடுத்த வருஷம் மே மாசம் இதே வேலூர்ல சிப்பாய்ங்க மாட்ட மாட்டோம்னு நிக்கறாங்க. ரெண்டு பேரை, ஒரு இந்து ஒரு முஸ்லிம், மெட்ராஸ் ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பி ஆளுக்கு 900 கசையடி. தொள்ளாயிரம். எம்பொண்ணு அந்த நம்பரை எழுதும்போது பேனாவை கீழ வச்சிட்டு, தாத்தா அவ்ளோ அடி அடிச்சா ஆள் இருப்பாங்களான்னு கேட்டா. நைனா பதிலே சொல்லல.

கோட்டைக்குள்ள யாரு இருந்தாங்கன்னா, 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் செத்ததுக்கு அப்புறம் அவரோட பிள்ளைங்களையும் குடும்பத்தையும் கொண்டாந்து இங்க தான் காவல்ல வச்சிருந்தாங்க, ஹைதர் மஹால் திப்பு மஹால்னு இன்னைக்கும் நாம கூப்பிடற கட்டடம் எல்லாம் அதான். 1806 ஜூலை 9 திப்புவோட பொண்ணு ஒருத்திக்கு கல்யாணம். மறுநாள் காலைல பட்டாளத்துக்கு பரேட், அதனால ராத்திரி சிப்பாய்ங்க எல்லாம் கோட்டைக்குள்ளயே படுக்கணும்னு உத்தரவு. இதுக்கு கொஞ்ச நாள் முன்னாடியே முஸ்தபா பெக்னு ஒரு சிப்பாய் போய் அதிகாரிங்க கிட்ட இப்படி ஒண்ணு நடக்கப் போவுதுன்னு சொல்லிருக்கான், அவங்க நம்பல, பைத்தியம்னு ஒதுக்கிட்டாங்க.

10ஆம் தேதி வியாழக்கிழமை, விடியறதுக்கு ரொம்ப முன்னாடி, சுடற சத்தம். 69வது ரெஜிமெண்ட் வெள்ளைக்கார பட்டாளம் தூங்கினு இருந்த பாரக்ஸ் மேல நம்ம சிப்பாய்ங்க சுட்டாங்க, கோட்டை தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் செத்தாரு, மைசூர் கொடி ஏறிச்சு, திப்புவோட பெரிய பையன் ஃபத்தே ஹைதர் தான் ராஜான்னு சொன்னாங்க. விடியும்போது கோட்டை அவங்க கைல. வெளில இருந்த ஒரு மேஜர் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்ப, அங்க இருந்த கில்லஸ்பின்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையை கூட்டினு கெளம்பினாரு. 16 மைல், நம்ம கணக்குல 25 கிலோமீட்டர் சொச்சம். படை வந்து சேர்ற வரைக்கும் பொறுக்காம அவரு முன்னாடியே வந்து, கதவுக்கு மேல மதில்ல தப்பிச்சு நின்னுனு இருந்த வெள்ளைக்கார பட்டாளத்து ஆளுங்க கொஞ்ச பேரு கயிறு விட அதை புடிச்சு ஏறினாரு. பின்னாடி வந்த பீரங்கி கதவை உடைச்சுது. அதுக்கப்புறம் குதிரைப்படை உள்ள பூந்து நடந்தது சண்டையே இல்ல. அரண்மனைக்குள்ள ஒளிஞ்சிருந்த நூறு பேரு மாதிரி இழுத்துனு வந்து செவுத்துல நிக்க வச்சு சுட்டாங்க.

இப்போ ஒரு விஷயம் கவனிங்க சார். வெள்ளைக்காரங்க பக்கம் செத்தது 14 அதிகாரி, 69வது ரெஜிமெண்ட் ஆளுங்க 115னு தலை எண்ணி எழுதி வச்சிருக்காங்க. நம்ம பக்கம் செத்தது எத்தினி பேருன்னு பாத்தா ஒரு கணக்குல 350, இன்னொரு கணக்குல 800. நடுவுல 450 உசுரு வித்தியாசம். அவங்களுக்கு பேரும் இல்ல, எண்ணிக்கையும் இல்ல, எந்த ஊரு எந்த தெருன்னும் தெரியாது. விசாரணைன்னு வச்சு அப்புறம் ஆறு பேரை பீரங்கி வாயில கட்டி சுட்டாங்க, அஞ்சு பேரை துப்பாக்கியால, எட்டு பேரை தூக்குல. ஊருக்குள்ள வெள்ளைக்காரங்களோட பழைய கல்லறைத் தோட்டம் இருக்கு, கல்லுல எழுத்து இருக்கு. சிப்பாய்ங்களுக்கு இருக்கிறது மக்கான் கிட்ட அந்த ஒரு தூணு, வருஷத்துல ஒரு நாள் அதுக்கு மாலை. 2006ல 200வது வருஷம்னு தபால் துறை ஸ்டாம்ப் போட்டாங்க, அது ஒண்ணு.

இதை எல்லாம் எழுதிட்டு "கலகம்"னு ஒரு வார்த்தைல முடிக்க எனக்கு கை வரல. கலகம்னு எழுதினது அன்னைக்கு கோட்டையை வச்சிருந்தவங்க. புரட்சின்னு வாசிக்கச் சொல்லுங்க, தூணு கிட்ட மாலை போடறப்போ நாம அப்படி தான சொல்றோம்.

கடைசில ஒண்ணு, அந்த தலப்பா ஆர்டரை வாபஸ் வாங்கினாங்க. மெட்ராஸ் கவர்னர் பெண்டிங்கையும் தலைமை தளபதி கிரேடாக்கையும் திருப்பிக் கூப்டுக்கினாங்க. இதே பெண்டிங்க் தான் பின்னாடி கவர்னர் ஜெனரலா வந்து 1829ல உடன்கட்டை ஏறறதை தடை செஞ்சு சட்டம் போட்டவரு. திப்பு குடும்பத்தை கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க. மீரட்ல 1857 மே 10 தொடங்கினதை தான் முதல் சுதந்திரப் போர்னு ஊரே சொல்லுது, அதுக்கு 51 வருஷம் முன்னாடி நம்ம அகழிக்கு உள்ள இவ்ளோ நடந்திருக்கு.

நைனா கடை இருந்த காலத்துல என்னை சைக்கிள் பார்ல உக்கார வச்சு அகழியை சுத்தி கூட்டினு போவாரு. "இங்க தான்டா கதவு, இங்க தான் பீரங்கி வச்சி ஒடச்சான், அந்தாண்ட தான் செவுரு" அப்படின்னு கையை நீட்டி நீட்டி காட்டுவாரு. எந்த செவுருன்னு அவருக்கும் கரெக்டா தெரிஞ்சிருக்காது, இப்போ யோசிச்சா புரியுது. ஆனா அவரு காட்டின செவுத்தை கடந்து போறப்போ எனக்கு இன்னைக்கும் வயித்துல என்னமோ பண்ணும். அந்த மாதிரி ஒண்ணு ஒவ்வொரு பிள்ளைக்கும் கெடைக்கணும்னு தான் கேக்கறேன்.

டெஸ்லாவையும் கவாஸ்கரையும் வாசிக்காதீங்கன்னு நான் சொல்லல, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. டெஸ்லாவை விடச் சொன்னா எங்க கடை சாமியே கோச்சுக்கும். நான் தெனம் கட்டுற 3 பேஸ் மோட்டாரு இருக்கே, இண்டக்‌ஷன் மோட்டாரு, அதுக்கு காப்புரிமை வாங்கினவரு அவரு தான், 1888 மே 1, உழைப்பாளர் தினம்னு நாம இப்போ கொண்டாடற அதே தேதி. ஸ்டேட்டர்ல, அதாவது மோட்டாரோட சுத்தாத வெளிப்பக்கத்துல, மூணு பேஸ் காயிலையும் அதது எடத்துல சரியா கட்டி கரண்ட் விட்டா உள்ள காந்தம் சுத்த ஆரம்பிக்கும், அந்த சுத்தற காந்தம் நடுவுல இருக்கிற ரோட்டாரை தொடாமயே இழுத்துனு சுத்தும். பிரஷ் கெடையாது, தேயறதுக்கு பேரிங் தவிர பெருசா ஒண்ணும் இல்ல, அதனால தான் மாவு மில்லுல இருபது வருஷம் ஓடுது. இந்த கிராமத்து போர்வெல்லு எல்லாம் தண்ணி எடுக்கறது அந்த ஆளு தலைல வந்த யோசனைல. எம்பொண்ணு அவரு பேரை மைக்ல வாசிச்சா, எங்கப்பா கடைல இருக்கிறது இவரு கண்டுபிடிச்சதுன்னு அவளுக்கே தெரியாது. நான் சொல்லலையே. அதுல என் தப்பும் இருக்கு.

அதே ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம்னு உங்க லிஸ்ட்ல வருமான்னு தெரியல, 1957ல ஒடிசால கட்டாக்ல ஹீராலால் சௌத்ரி, அலிகுன்ஹின்னு ரெண்டு விஞ்ஞானிங்க மீனோட பிட்யூட்டரி சுரப்பில இருந்து சத்து எடுத்து ஊசி போட்டு கெண்டை மீனை குளத்துலயே முட்டை போட வச்சாங்க. அதுக்கு முன்னாடி மழை காலத்துல ஆத்துல போய் குஞ்சு அரிச்சினு வந்தா தான் குளத்துல விட முடியும். நம்ம ஊருக்கு கடல் இல்ல, ஞாயித்துக்கிழமை மார்க்கெட்ல நம்ம வாங்கற கட்லாவும் ரோகும் ஏரி மீனு, அந்த ஊசிக்கு அப்புறம் தான் இவ்ளோ தாராளமா கெடைக்குது. ஏரி குத்தகை எடுக்கிற வீட்டு பிள்ளை எத்தினி பேரு உங்க ஸ்கூல்ல படிக்குதோ, அது காதுல விழுந்தா எப்படி இருக்கும்?

டெல்ஸ்டார் கதைய கேளுங்க. 1962 ஜூலை 10 மேல போச்சு, அமெரிக்காவுல நடக்கறதை அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பாவுல டிவில நேரா காட்டினது அது தான் முதல் தடவை. ஆனா முந்தின நாள் ஜூலை 9 அமெரிக்காக்காரனே பசிபிக் மேல வானத்துல ஒரு அணுகுண்டை வெடிச்சுப் பாத்திருந்தான். அந்த கதிர்வீச்சு மேலயே தங்கி, பாவம் அந்த செயற்கைக்கோளோட எலக்ட்ரானிக்ஸ அரிச்சு, 1963 பிப்ரவரிலயே அது செத்துப் போச்சு. வேலூர்லயும் ஜூலை 9 கல்யாணம், ராத்திரி உள்ள படுக்க சொன்ன உத்தரவு, இது ரெண்டும் இல்லாம 10 இல்ல. பிள்ளைங்களுக்கு தேதி மட்டும் சொன்னா மனப்பாடம் ஆகும், முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னும் சேத்து சொன்னா ஏன்னு புரியும், பரீட்சைல அஞ்சு மார்க் கேள்விக்கும் அது தான உதவும்.

கவாஸ்கர் பத்தி பிள்ளைங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல, டெஸ்ட்ல முதல் ஆளா பத்தாயிரம் ரன் அடிச்சவரு. இன்னொன்னு இருக்கு அதே தேதில, 1913ல அமெரிக்காவுல டெத் வேலின்னு ஒரு பள்ளத்தாக்குல 56.7 டிகிரி, உலகத்துலயே அதிக வெயில்னு பதிவானது. மே மாசம் வெயிலூர்ல வளர்ந்த பிள்ளைங்க, அதை வாசிச்சா கண்டிப்பா நிமிர்ந்து பாக்கும்.

சரி, ஜூலை 10 மட்டும் இல்ல. எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கிற இன்னொரு தேதி ஜனவரி 30. அன்னைக்கு காந்தி இறந்த நாள், காலைல 11 மணிக்கு ரெண்டு நிமிஷம் எழுந்து நிக்கறோம், நிக்கணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. தொழுநோய் ஒழிப்பு தினம்னு உறுதிமொழியும் எடுக்கறோம், தொழுநோயாளிங்க மேல காந்தி வச்சிருந்த அக்கறைக்காக அந்த தேதி. ஆனா அந்த உறுதிமொழி எடுக்கிற எத்தினி பிள்ளைங்களுக்கு தெரியும், தொழுநோயால மடங்கிப் போன விரலை தசைநாரை மாத்தி வச்சு திரும்ப நீட்டி மடக்க வச்ச ஆபரேஷன் நம்ம ஊர்ல தான் வளர்ந்துச்சுன்னு? கொல்லிமலைல பொறந்த பால் பிராண்ட்னு ஒரு டாக்டரு, 1940கள் கடைசில சிஎம்சி ஆஸ்பத்திரில ஆரம்பிச்சாரு. விரல் தானா அழுகி விழறது இல்ல, வலி தெரியாததால காயம் பட்டு பட்டு போகுதுன்னு எடுத்துச் சொன்னவரு அவரு. அப்புறம் 1955ல கரிகிரில அதுக்குன்னே ஒரு ஆராய்ச்சி ஆஸ்பத்திரி வந்துச்சு. காட்பாடி பக்கம் போற பஸ்ல கரிகிரின்னு போர்டு பாத்திருப்போம், எதுக்குன்னு கேட்டிருக்க மாட்டோம்.

அதே ஜனவரி 30, 1832, ஒரு திங்கக்கிழமை, கண்டி ராஜ்ஜியத்தோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இதே வேலூர்ல செத்தாரு. சின்ன வயசு பேரு கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1815ல வெள்ளைக்காரன் புடிச்சு, அப்புறம் நம்ம கோட்டைல கொண்டாந்து அடைச்சு, சாகற வரைக்கும் இங்கயே. பாலாத்தங்கரைல முத்து மண்டபம்னு இருக்கே அவரோட சமாதி தான் அது. இலங்கைக் கொடில வாள் புடிச்ச சிங்கம் இருக்கில்ல, அது இவரோட கொடில இருந்த சிங்கம். காந்தி செத்து அஞ்சாவது நாளு, 1948 பிப்ரவரி 4, இலங்கைக்கு சுதந்திரம். நம்ம ஊரு ஆத்தங்கரைல படுத்திருக்கிற ராஜாவோட சிங்கம் அங்க கொடில ஏறினப்போ அவரு செத்து 116 வருஷம் ஆயிருந்துச்சு. 11 மணிக்கு நிக்கிற அந்த ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதை சொன்னா என்ன சார் குறைஞ்சிடப் போவுது? காந்திக்கு அது மரியாதைக் குறைச்சலா? இல்லவே இல்லன்னு தான் எனக்கு படுது.

செப்டம்பர் 5 உங்க நாளு, அதை நான் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனாலும் சொல்றேன். ராதாகிருஷ்ணன் 1888ல பொறந்த திருத்தணி அன்னைக்கு வடஆற்காடு மாவட்டம், அவரு படிச்சது நம்ம ஊரீஸ் காலேஜ்ல. அதே தேதி வ.உ.சி. பொறந்த நாளு, 1872. அதே தேதி 1997ல அன்னை தெரசா இறந்தாங்க. ஆசிரியர் தினம்னு பிள்ளைங்க ரோஜாப்பூ குடுக்கறப்போ இதுல ஊரீஸ் மேட்டரை மட்டுமாவது ஒரு தடவை மைக்ல சொல்லுங்க, அந்த காலேஜ் வாசல் வழியா தான் பாதி பிள்ளைங்க டியூஷனுக்கு போவுது.

நான் கேக்கறது இவ்ளோ தான். போன்ல வர்ற லிஸ்டை அப்படியே குடுக்காதீங்க. அந்த லிஸ்டு டெல்லிக்கும் ஒண்ணு தான் தூத்துக்குடிக்கும் ஒண்ணு தான், அதை எழுதினவனுக்கு நம்ம அகழி தெரியாது. பத்து சேதி வாசிக்கற இடத்துல மூணு போதும், அதுல ஒண்ணு நம்ம மண்ணு சமாச்சாரமா இருக்கட்டும், கெடைக்காத நாளுக்கு விட்டுடுங்க, இல்லாததை இழுத்துனு வர வேணாம். கெடைச்ச அன்னைக்கு அதை முதல்ல வாசிங்க, வருஷ வரிசைன்னு நடுவுல சொருக வேணாம். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், ஜவ்வாது மலை மேல இருக்கிற ஸ்கூலுன்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேதி இருக்கும். காவலூர் தொலைநோக்கிக்கு யாரு பேரை வச்சிருக்காங்களோ அந்த வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு ஆகஸ்ட் 10 பொறந்தவரு, மலை மேல படிக்கிற பிள்ளைங்க அன்னைக்கு ராத்திரி வானத்தை பாக்கட்டும். ராணிப்பேட்டை பிள்ளைங்களுக்கு டிசம்பர் 9, சிஎம்சியை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் 1870ல அந்த ஊர்ல தான் பொறந்தாங்க. வீட்ல பெரியவங்க கிட்ட கேட்டுனு வான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், பிள்ளைங்களே கொண்டாந்து குடுக்கும், எம்பொண்ணு கொண்டாந்த மாதிரி. அப்படி கொண்டாந்தா டைம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த ஒரு பக்கம் இன்னும் அவ நோட்டுல அப்படியே இருக்கு, கிழிக்கவும் இல்ல, யாருக்கும் காட்டவும் இல்ல.

ஜூலை 10க்கு முடிஞ்சா எட்டாவது ஒன்பதாவது பிள்ளைங்களை கோட்டைக்கே கூட்டினு போங்க. ஜலகண்டேஸ்வரர் கோயிலு, சர்ச்சு, மசூதி, மூணும் ஒரே மதிலுக்குள்ள. அந்த கோயில்லயே ரொம்ப காலம் சாமி இல்லாம இருந்து 1981ல தான் சத்துவாச்சாரில இருந்து லிங்கத்தை கொண்டாந்து திரும்ப வச்சாங்க, அதை கண்ணால பாத்தவங்க இன்னும் ஊர்ல இருக்காங்க, கூப்டு பேச சொல்லுங்க. மதில் மேல ஏத்தி ஆற்காடு எந்தப் பக்கம்னு காட்டுங்க. குதிரை எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா வருஷம் தானா மனசுல ஒட்டிக்கும்.

அன்னைக்கு நான் கடையை மத்தியானத்துக்கு மேல தான் தொறப்பேன். எந்த ஸ்கூல்ல கூப்டாலும் ஒரு பழைய ஸ்டேட்டரும் ரோட்டாரும் தூக்கினு வரேன், டெஸ்லா என்ன செஞ்சாருன்னு பிரிச்சுக் காட்டறேன், காசு பணம் ஒண்ணும் வேணாம். நைனாவும் வருவாரு, கால் வலி இருக்கு, ஒரு சேர் போட்டா போதும். ஆனா முதல்ல கோட்டை கதைய எம்பொண்ணை வாசிக்க விடுங்க, அப்புறம் தான் மோட்டாரு.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டுற ஒரு அப்பா,
காகிதப்பட்டறை, வேலூர்